ஒரு கண்

அருமனையில் புதன்கிழமை வீட்டு ஜெபம்,
ஜாஸ்லின் டீச்சர் வீட்டில்.
யார் தொடங்கினாலும் முடித்து வைப்பது நான்தான்.
பதினேழு நிமிடம், பிசிறில்லாமல்.
என் "தகப்பனே"வில் ஒரு குழைவு உண்டு.
ஒத்திகை பார்த்ததில்லை என்பேன்;
கண்ணாடிக்குத் தெரியும்.

அன்றைக்கு டென்னிசன் பிந்தி வந்தான்.
மழை, பால்வெட்டு இல்லை.
ரப்பர் ஷீட்டின் ஆசிட் வாடை முன்னே வர
நேற்றைய வாடை ஒன்றும் பின்னால் வர
செருப்புகளுக்குப் பக்கத்தில் சுவரோடு உட்கார்ந்தான்.

அவன் பெயரை நான் சொல்லவில்லை.
"குடியால் சிதைகிற குடும்பங்களுக்காக" என்றேன்.
"நம் நடுவிலேயே" என்றேன்.
"நம் நடுவிலேயே, தகப்பனே" என்று
திருகாணியை இன்னொரு சுற்றும் சுற்றினேன்.
பெண்கள் பக்கமிருந்து ஒரு ஸ்தோத்திரம் எழும்பி
சரியாக அவன்மேல் போய் விழுந்தது.
ஆண்டவரைக் கூப்பிட்டு அடுத்தவனிடம் பேசுவதில்
எனக்கு இருபது வருடப் பழக்கம்.

பதினோராம் நிமிடம் கரண்ட் போயிற்று.
மைக் செத்தது. ஃபேன் சுற்றி ஓய்ந்தது.
என் குரல் இல்லாத அந்த இருட்டில்
செருப்புகள் பக்கமிருந்து கேட்டது:
"கேக்கதுக்கு ஒண்ணும் இல்ல ஆண்டவரே.
வந்தேன்."

மீதி ஆறு நிமிடம் எனக்குள்ளே கிடந்து புளித்தது.
கட்டன் சாயா வந்தது, ஏத்தங்காய் சிப்ஸ் வந்தது.
"இன்னைக்கு நல்ல அபிஷேகம், சார்" என்றார் டீச்சர்.
டென்னிசன் அதற்குள் போயிருந்தான்.

ராத்திரி கட்டிலோரம் முழங்காலிட்டேன்.
"தகப்பனே, என்னைத் தாழ்த்தினீரே, ஸ்தோத்திரம்.
தங்கள் பெருமையைத் தாங்களே காணாத
மற்ற கமிட்டிக்காரர்களைப்போல் நான் இராதபடி..."
வாயை மூடினேன்.
குழைவு வந்துவிட்டிருந்தது.

பிறகு "வந்தேன்" என்று மட்டும் சொல்லிப் பார்த்தேன்.
நன்றாக இருந்தது.
நன்றாக இருந்ததுதான் கோளாறு.
இரண்டாம் தடவை சொல்லும்போது
எந்த இடத்தில் மூச்சு விடலாம் என்று யோசித்தேன்.

அடுத்த புதன், யேசுவடியான் வீடு.
நேராகப் போய்ச் செருப்புகள் பக்கம் உட்கார்ந்தேன்.
வேட்டியில் ஈரம் ஏறிற்று.
டென்னிசன் வரவில்லை.
புதிதாய்க் கல்யாணமாகி வந்த பெண் ஒருத்தி
முதன்முதலாக ஜெபிக்கிறாள்,
"பிதாவே" வரைக்கும் வந்து நிற்கிறாள்.
எடுத்துக்கொடுக்க என் நாக்கு துடித்தது.
கடித்துக்கொண்டேன்.

கடித்துக்கொண்டதை யாராவது கவனித்தார்களா என்று
ஒரு கண்ணைத் திறந்தேன்.

ஜாஸ்லின் டீச்சர் பார்த்துக்கொண்டிருந்தார்,
அவரும் ஒரு கண்ணால்.