பெருவிரல் கணக்கு

மின்னல் எச்சரிக்கை விளக்கு சுழலத் தொடங்கியதும்
தோ பாயோ அரங்கின் தடம் காலியானது.
படிகளில் உட்கார்ந்து பிள்ளைகள்
ஈரக் காலுறைகளைப் பிழிகிறார்கள்.
நான் மடிக்கணினியைத் திறக்கிறேன்.

இருநூறு மீட்டர். ஏழு பேர். நான்கு போட்டிகள்.
ஒரு பத்தியில் என் ஸ்டாப்வாட்ச் சொன்னது,
அடுத்ததில் கோட்டருகே மின்கண் சொன்னது.
வித்தியாசம் விழுகிற பத்திக்குத் தலைப்பு: எச்சம்.
பிள்ளைகள் படித்துவிடக் கூடாதென்றுதான் தமிழ்.
தர்ஷா மட்டும் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து
"எச்சமா? மைனா போடுமே, அதுவா கோச்?" என்கிறாள்.
அதுவும் இருக்கிறது,
நான்காம் தடத்தில், வளைவு முடிகிற இடத்தில்,
மழையில் கரைந்துகொண்டு.

கை எப்போதும் துப்பாக்கிக்குப் பிந்தும்.
கண் பார்த்து, மூளை சொல்லி, விரல் அழுத்துவதற்குள்
கால் விநாடி கடந்து போயிருக்கும்.
0.24. எல்லாக் கோச்சும் அறிந்த திருத்தம்.
யூ டிங்குக்கு 0.22. ஃபர்ஹானாவுக்கு 0.26.
தர்ஷாவுக்கு அச்சடித்ததுபோல் 0.24.
இன்ஷிராவுக்கு மட்டும்
0.58, 0.63, 0.60, 0.63.

காற்று என்று ஓரத்தில் எழுதினேன்.
அடித்தேன்.
ஒரே ஓட்டத்தை அளந்த இரண்டு கடிகாரங்கள்;
காற்று இரண்டுக்கும் பொது.
பயம் என்று எழுதினேன். அதுவும் பொதுதான்.
சராசரி 0.61. கழிக்க 0.24.
மனித இயல்பைக் கழித்த பிறகும்
0.37 மிஞ்சுகிறது.

யூ டிங்கின் அப்பா
அரையிறுதியைக் கைப்பேசியில் பிடித்திருந்தார்.
விநாடிக்கு முப்பது ஃபிரேம்.
ஒவ்வொன்றாய் நகர்த்தினேன்.
கோட்டருகே கழுத்தை நீட்டிக்கொண்டு ஒரு தொப்பி,
அது நான்.
என் பெருவிரல் இறங்குகிறது.
இன்ஷிரா இன்னும் வரவில்லை.
வரவில்லை.
வரவில்லை.
பதினோராவது ஃபிரேமில் அவள் நெஞ்சு கோட்டைத் தொடுகிறது.

பதினொன்றை முப்பதால் வகுத்தேன்.
மடிக்கணினியை மூடிவிட்டு
மறுபடி திறந்து
மறுபடி வகுத்தேன்.
இரண்டே முக்கால் மீட்டர் முன்னால்
என் கண்ணுக்கு மட்டும் தெரிகிற ஒரு கோட்டை
நான்கு போட்டிகளாய்ப் போட்டு வைத்திருக்கிறேன்.

இறுதிச்சுற்று உறுதி என்று சொன்னவன் நான்தான்.
எட்டாவது இடம் 26.75-இல் மூடியது.
என் கணக்கில் அவள் 26.52.
மின்கண்ணில் 26.91.
இறுதிச்சுற்று நாளுக்கு அவள் அம்மா
சாங்கி வேலையில் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார்.
எடுத்த விடுப்பில் அன்று என்ன செய்தார்
என்று நான் கேட்கவில்லை.

தர்ஷாவுக்கு அதற்குள்
பள்ளித் தமிழ் ஞாபகம் வந்துவிட்டது.
"'ஓடி'ன்னு நிறுத்தினா அது வினையெச்சம் கோச்.
பின்னாடி ஒண்ணு வந்து முடிச்சு வைக்கணும்."

திரையை இன்ஷிராவின் பக்கம் திருப்பினேன்.
எண்களைக் காட்டினேன்.
பதினொரு ஃபிரேமையும் ஓட்டிக் காட்டினேன்.
மன்னிப்பு என்ற சொல்லை
எந்தப் பத்தியில் போடுவதென்று தெரியாமல் நின்றேன்.
அவள் வெகுநேரம் பார்த்தாள்.
"அப்படின்னா நாலு தடவையும்
நீங்கதான் எனக்கு முன்னாடி போய்ச் சேர்ந்தீங்க."
சிரித்தாளா என்று தெரியவில்லை.
காலணி நாடாவைக் கட்டக் குனிந்துவிட்டாள்.

அட்டவணையில் எட்டாவதாய் ஒரு வரிசை சேர்த்தேன்:
வலது பெருவிரல்.
விளக்கு அணைந்தது.
ஸ்டாப்வாட்சைக் கழற்றி ஃபர்ஹானாவிடம் கொடுத்துவிட்டு
கோட்டருகே வெறுங்கையோடு நிற்கிறேன்.
தண்ணீர் தெறிக்க வளைவைத் தாண்டி
இன்ஷிரா வருகிறாள்,
இன்னும் பத்து மீட்டர், ஐந்து,
காலிக் கைக்குள் விரல்
மடிந்துவிட்டது.