பச்சை, இரண்டாம் கட்டம்

கம்பெனி என்னை ஆறு மாதம் நகோயாவுக்கு அனுப்பியது,
ஒரு சாலிடரிங் இயந்திரத்தின் கோபதாபங்களைக் கற்று வர.
அறை கிடைத்தது மிடோரி வார்டில்.
மிடோரி என்றால் பச்சை என்றார்கள்.
சன்னலைத் திறந்தேன்:
சாம்பல் கூரை, சாம்பல் கூரை, மின்கம்பி.
எதிர் மாடியில் மெத்தையைக் கைப்பிடிச் சுவரில் போட்டு
யாரோ அடித்துக்கொண்டிருந்தார்கள், பழைய பகை மாதிரி.
ஒரு காலத்தில் மூங்கில் மேடாம்.
மேட்டைச் சீவி வீடு வைத்தவர்கள்
பெயரை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

எனக்கு இது புதிதில்லை.
சுங்கை கெருவாயில் நான் தவணை கட்டும் வீடு
தாமான் ஹிஜாவ், இரண்டாம் கட்டம், எண் நாற்பத்தேழு.
ஹிஜாவ் என்றாலும் பச்சைதான்.
அம்மா பால் வெட்டிய பதினேழாம் நிரை
இப்போது எங்கள் சமையலறை சிங்க் வழியாகப் போகிறது.
சொன்னால் அம்மா கண்கலங்குவாள் என்று நினைத்தேன்.
"வேர் கிடக்கும் அடியில,
குழாய் அடைக்குதா பாரு" என்றாள்.

மிடோரியில் குப்பைக்கு நாள்காட்டி உண்டு.
எரிவதற்கு ஒரு நாள், எரியாததற்கு ஒரு நாள்,
புட்டிக்கு, அட்டைக்கு, பழைய பேட்டரிக்கு.
மூன்றாம் வாரம்
சாடின் டின்னை எரிவதோடு போட்டுவிட்டேன்.
இரவு ஷிப்ட் முடிந்து வந்தால்
நாற்பது பை போன இடத்தில் என் பை மட்டும் உட்கார்ந்திருந்தது,
நெற்றியில் மஞ்சள் ஒட்டியோடு.
கைப்பேசி மொழிபெயர்த்துச் சொன்னது:
இந்தப் பை இன்னும் காத்திருக்க வேண்டும்.

மூன்று மாடி அணைத்துத் தூக்கிப் போனேன்.
எங்கோ ஒரு திரைச்சீலை அசைந்தது.
யாரும் திட்டவில்லை.
அதைத்தான் தாங்க முடியவில்லை.
திட்டுவதற்காவது
என் பெயரைக் கேட்டிருப்பார்களே.
அங்கே என் பெயர் தெரிந்தது இயந்திரத்துக்குத்தான்.
அட்டையைக் காட்டினால் திரையில் எழுதும்:
குனாபதி.

திரும்பி வந்தேன்.
எங்கள் தாமானில் லாரி வரும்,
குத்தகைக்காரரும் நகராண்மையும் பேசிக்கொள்ளும் வாரங்களில்.
மற்ற வாரங்களில் நாய்களுக்குத் தீபாவளி, பெருநாள், சீனப் புத்தாண்டு
எல்லாம் ஒரே நாளில்.
நான் அட்டவணை போட்டேன்.
மூன்று மொழி, இரண்டு நிறம்.
விளக்குக் கம்பத்தில் ஒட்டினேன்.
எதிர்வீட்டு ரொக்கியா அக்கா கேட்டாள்,
போனது குணவதி, வந்தது யார்?
இருதயநாதன் பேனா எடுத்து
என் மலாய் எழுத்துப்பிழை இரண்டைத் திருத்திவிட்டு
வழக்கம்போல வியாழனே பையை வைத்தார்.
லியோங் அதே கம்பத்தில் ஆணி அடித்துக்
குருவிக்கூண்டைத் தொங்கவிட்டார்.
மழை வந்தது. செவ்வாயின் சிவப்பு
வெள்ளிமேல் ஒழுகியது.

அப்புறம் ஒரு காலை,
ஷிப்ட் பேருந்திலிருந்து தள்ளாடி இறங்கினால்
கேட்டின் உள்பக்கம் ஒரு பை.
மீன் முள், டின், வெங்காயத் தோல்.
என்னுடையதுதான்.
நாள் பார்க்காமல் நேற்று மாலை அவசரத்தில் வைத்துப் போனது.
மேலே கணக்கு நோட்டுத் தாள்,
பத்து வயதுக் கையெழுத்து,
ரொக்கியா அக்காவின் கடைசிப் பையன்:
*இனி செலாசா.*

மலாயில் இனி என்றால் இது.
இது செவ்வாய்க்கிழமைக் குப்பை என்கிறான்.
நான் பாதித் தூக்கத்தில் தமிழாகப் படித்தேன்:
இனிமேல் செவ்வாய்.

எதிர்ச் சன்னலில் திரை அசையவில்லை, கழன்றே வந்தது.
"குணா! மூணு நாள் மீனு!
மூக்கு இல்லையா உனக்கு?"
தெரு முழுக்கக் கேட்கும் குரல்.
பையை அணைத்தபடி நின்றேன்,
அவள் இன்னும் கொஞ்சம் திட்டட்டும் என்று.

செவ்வாய் வந்தது.
வாசலுக்கு வாசல், நம்ப முடியவில்லை,
பதினாறு பைகள், வாய் கட்டி.
லாரி வரவில்லை.