பின்னணி

நாகலூரில் சிக்னல் ஒரே கோடு.
குப்பனூர் ரோட்டில் மூன்றாம் வளைவுக்கு இறங்கினால்
மூன்று. அதுவும் காற்றைப் பொறுத்து.
ஸ்கூட்டி கண்ணாடியில் போனை
ரப்பர் பேண்டால் கட்டி
துப்பட்டாவுக்கு ஊக்கு குத்திக்கொண்டு
ஒன்பதே முக்காலிலிருந்து நிற்கிறேன்.

ரெஸ்யூமை ஏற்றிய பிறகும்
அதில் உள்ளதையே
கட்டம் கட்டமாக மறுபடி அடிக்கச் சொன்ன
இருபத்து மூன்றாவது படிவம் இது.

பத்து இருபதுக்கு வந்தார் சென்னைக்காரர்.
உங்களைப் பத்திச் சொல்லுங்க.
பி.காம்., டேலி, ஜி.எஸ்.டி. தாக்கல்.
நடுவுல எட்டு வருஷம் எதுவுமே இல்லையே?
மாமியாருக்கு டயாலிசிஸ் சார், வாரம் மூணு தடவை
சேலத்துக்கு...
விட்டு விட்டுக் கேக்குது மேடம். பரவாயில்ல, அடுத்தது.

அப்போதுதான் பள்ளத்திலிருந்து ஏறி வந்தது பனி.
சில்வர் ஓக் போயிற்று, மிளகுக்கொடி போயிற்று,
தோளுக்குப் பின்னால் வெறும் வெள்ளை.

மேடம், பேக்ரவுண்டை எடுத்துடுங்க.
நிஜமான இடம்தான் தெரியணும்.

திரும்பிப் பார்த்தேன்.
எங்கே தொட்டு எடுப்பது?

விளக்கெரிய, ஹார்ன் அடித்தபடி
அதற்குள்ளிருந்து வந்தது சேலம் பஸ்.

ஓ, என்றார்.
பிறகு, தாளைப் பார்க்காமல்,
அங்க ரொம்பக் குளிருமா?

குளிரும் சார், என்றேன்.
சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறேன் என்று
கேட்கவே இல்லை.