தராசு மாமா, ஆறாவது இதழ்

பிள்ளைக் காம்பராவில்
கைதட்டிப் பாடவைத்தார்கள்:

தராசு மாமா வாராராம்
தட்டில் பழம் போடுறாராம்
குண்டுப் பாப்பா ஏறிக்கோ
கூட ஒரு பழம் வாங்கிக்கோ

சுவரில் அவர் படமும் இருந்தது.
உருண்டை வயிறு, ரோஸ் கன்னம்,
இரண்டு தட்டிலும் மாம்பழம்.
இந்தக் குளிரில் மாமரம் எங்கே காய்க்குமென்று
ஒரு பிள்ளையும் கேட்கவில்லை.

இருபத்தாறு வருஷம் கழித்து
போகவந்தலாவை டவுனில்
போட்டோகொப்பிக் கடையில் நிற்கிறேன்.
மழை நாளில் ஆள் வராது.
பழுதான தாள்களின் முதுகில்
அவரை மறுபடி வரைந்தேன்.
வயிற்றை எடுத்தேன். மீசை வைத்தேன்.
கணுக்கால் வரை கறுப்புக் கோட்டு.
மாம்பழத்தை எடுத்த தட்டில்
என்ன வைப்பதென்று தெரியாமல்
மூன்று நாள் காலியாகவே கிடந்தது.
நாலாம் நாள் அம்மா
கடன் விண்ணப்பத்துக்கென்று
சம்பளத் துண்டைக் கொப்பியெடுக்க வந்தாள்.
பதினோரு நாள் அரைப்பேர்.

அகப்பட்டான் என் வில்லன்.

லயத்துக்கு லயம் இரவில் இறங்குவான்.
பூட்டை உடைக்கமாட்டான்,
அடகுக்குப் போய் மிஞ்சிய தோட்டைத் தொடமாட்டான்.
தூங்குகிறவளின் பேரைத் தட்டில் வைத்து
நடுவில் ஒரு வெட்டு.
விடிந்து பெரட்டுக்களத்தில்
சந்தனமாரி என்று கூப்பிட்டால்
'சந்த' மட்டும் கை தூக்கும்.
'னமாரி' அவன் சாக்கில்.

துரத்துகிறவள் துப்பறியும் பொற்கொடி.
இடுப்பில் படங்கு,
துவக்குக்குப் பதில் கவ்வாத்துக் கத்தி.
ஏழாம் நம்பர் மலையில்
பிடித்துவிட்டாள் என்கிற கட்டத்தில்
எப்போதும் பனி இறங்கும்.
பனி வரைவது லேசு.
தாளை அப்படியே விட்டால் போதும்.

எட்டுப் பக்கம், இரண்டு பின், ஐம்பது ரூபாய்.
டியூஷன் விட்டு வரும் பிள்ளைகள் வாங்கினார்கள்.
ஐந்து இதழ் போனது.

ஒரு மாலை
நிறுவைக்கார இருதயநாதன்
குடையை மடக்காமலே உள்ளே வந்தார்.
ஐந்தாவது இதழைக் கண்ணாடி மேல் வைத்தார்.
"இது நானா?"
"இல்லை."
"மீசை என்னோடது."
மெஷின் சூடேறும் சத்தம் மட்டும்.
பக்கம் புரட்டி விரலால் தட்டினார்.
"இதில ரெண்டு கிலோ வெட்டுறான். பிழை.
சாக்குக்கு ஒன்று. ஈரத்துக்கு ரெண்டு.
சும்மா ஒன்று.
நாலு."
"சும்மா எதுக்கு?"
"தெரியாது. ஒப்பீஸில எழுதித் தருவாங்க."
"யாரு?"
குடையிலிருந்து தண்ணீர்
என் தாள் பெட்டிக்குள் சொட்டியது.
நகர்த்தி வைத்தார், அவரே.

"மகளுக்கு ஆறாவது வேணுமாம்.
மீசையை மட்டும் எடுத்திருங்க.
பிள்ளை இன்னும் கண்டுபிடிக்கல்ல."

எடுத்துவிட்டேன்.
மீசையில்லாத வில்லனுக்கு
மேலுதடு கொஞ்சம் நடுங்குகிற மாதிரி இருந்தது,
அழித்தும் போகவில்லை.

ஆறாவது இதழில் பனி இல்லை.
ஸ்டோர் கூரையில் மடக்குகிறாள் பொற்கொடி.
சாக்கைக் கவிழ்க்கிறாள்.
கொட்டுகின்றன பாதிப் பேர்கள்:
னமாரி, லெச்சி, யம்மா, காயி,
அடியில் நசுங்கி ஒரு 'நாதன்'.
நாதன் என்று முடிகிறவர்கள்
இந்தப் பள்ளத்தாக்கில் ஆயிரம் பேர்.
பயமில்லை.

அவன் பேரை வெட்டியது யார்?
கடைசிக் கட்டத்தில்
ஒப்பீஸ் ஜன்னல் வரைந்தேன்,
கம்பி வரைந்தேன், திரை வரைந்தேன்,
மேசையில் தேநீர்கூட.
முகத்துக்கு வந்ததும் கை நின்றது.
அப்படியே விட்டு அச்சடித்தேன்.

நாளைக்கு வருவாள் அவர் மகள்
ஐம்பது ரூபாயைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு.
கடை வாசலிலேயே கடைசிப் பக்கத்தைத் திறப்பாள்.
வெள்ளைக் கட்டத்தை விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து,
"மை முடிஞ்சு போச்சா அக்கா?"
என்று கேட்பாள்.