எடைப்பாலம்

இருபத்தாறு வருஷம்
பகாவ் செம்பனை ஆலையில் தராசுக் கிராணி.
லோரி ஏறும்போது ஓர் எடை,
குலை கொட்டி இறங்கும்போது ஓர் எடை.
பத்துக் கிலோ பிசகினாலும்
டிரைவர் கைலாசத்தை விடமாட்டேன்.

பல் பிடுங்கிய ராத்திரி
ரத்தம் நிற்கவில்லை.
பஞ்சு, மறுபடி பஞ்சு,
தலையணை உறை.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க, அங்கிள்?"
மருந்தகத்துப் பிரேமளா கேட்டாள்.
"ஒண்ணுமில்லையே."
"சரி, மருந்து இல்லாதது?"

மைலோ டின்னில் அள்ளிப் போனேன்.
மச்சான் தந்த மீனெண்ணெய்.
பாசார் மாலாமில் ரெண்டுக்கு ஒன்று இலவசமாய்ப் பூண்டு மாத்திரை.
கிள்ளானிலிருந்து மகள் அனுப்பிய வைட்டமின் ஈ.
ஞாபகசக்திக்கு ஜிங்கோ;
எப்போது ஆரம்பித்தேன், ஞாபகமில்லை.
இலைதானே, எண்ணெய்தானே என்று
ஒவ்வொன்றாய் வந்தபோது
கேட்டைத் திறந்துவிட்டிருக்கிறேன்.

அவள் திட்டவில்லை.
என் பேனாவையே வாங்கி
ரசீதின் முதுகில் எழுதினாள், பெயர், அளவு, வேளை.
"நாலும் ஒரே பக்கம் இழுக்குது அங்கிள்.
யாராச்சும் கூட்டிப் பார்த்தீங்களா?"

கிராணியிடம் கேட்கிற கேள்வியா இது.

நேற்று மச்சான்
பூனைமீசைப் பொட்டலம் நீட்டினான்.
சட்டைப்பையைத் தொட்டுக்கொண்டு சொன்னேன்:
"மொதல்ல பாலத்துல ஏறட்டும்."