வாடகைக்கு வந்த கத்தி

மழைக்கு ஒதுங்கியதுதான்.
கம்பாடோஸ் சந்தையில் அன்று
ஒழுகாத தார்ப்பாய் அந்த ஒரு கடைக்குத்தான்.
சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால்
இருப்பதில் மலிவானதைக் கேட்டேன்.
மஞ்சள் மரப் பிடி,
அதில் சூட்டுக்கோலால் இழுத்த இரண்டு கோடு,
திருகினால் அலகைப் பூட்டும் பித்தளை வளையம்.
அவ்வளவே.
பன்னிரண்டு யூரோ.
நனையாமல் நின்றதற்கு வாடகை என்று நினைத்துக்கொண்டேன்.

என்னிடம் அப்போது வேறொன்று இருந்தது.
ரப்பர் பிடி, பல் வைத்த அலகு,
ஒரு விசில், ஒரு திருப்புளி,
இருட்டில் பச்சையாய் ஒளிரும் கயிறு.
தண்ணீரில் போட்டால் மிதக்கும் என்று
விற்றவன் சத்தியம் செய்தான்.
ஜனவரியில் மிதவை விளிம்பில் கை தவறியது.
பச்சைக் கயிறு ஒளிர்ந்துகொண்டே
வெகுநேரம் கீழே போனது.

அப்புறம்தான் இது பைக்கு வந்தது.
பிடிக்கவில்லை.
ஆரஞ்சை நறுக்கினால் இரும்பு ருசித்தது.
ஓரிரவு துடைக்க மறந்தால்
மறுநாள் துரு பூசிக்கொண்டு கோபித்துக் கிடந்தது.
சிப்பி விதையைக் கயிற்றோடு சுற்றிய வலை,
தைலமரக் கட்டையில் ஊறிய முடிச்சு,
எதை அறுத்தாலும் மூன்றாம் நாள்
கல்லில் தேய்த்துக் கெஞ்ச வேண்டும்.
வாங்கியவளையே வேலை வாங்குகிற கத்தி.
"என்ன ஹெர்மினியா," என்றான் சூசோ,
"ரொட்டி வெட்டவா கடலுக்கு வந்தாய்?"

பழகப் பழகப் பாலும் புளிக்குமாம்.
இது புளித்துத்தான் பழகியது.
எலுமிச்சை, பச்சை ஆப்பிள், ஊறுகாய் மிளகாய்,
ஏப்ரல் முழுக்க ஆரஞ்சு.
அலகு நீலம் பாய்ந்தது, பிறகு சாம்பல்,
பிறகு பெயரில்லாத ஒன்று:
விடியுமுன் நம் கழிமுகம் கிடக்குமே,
அந்த நிறம்.
துரு வருவது நின்றது.
இரும்பு ருசியும் போய்விட்டது,
அல்லது என் நாக்கு
அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

எந்த நாளில் என்று கேட்காதீர்கள்.
வங்கியில், எஞ்சின் கடன் கிடையாது என்று
அந்தப் பையன் மிக மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருக்கையில்
கோட்டுப் பைக்குள் என் கட்டைவிரல்
வளையத்தைத் திருகிக்கொண்டிருந்தது.
அரைச் சுற்று அந்தப் பக்கம்,
அரைச் சுற்று இந்தப் பக்கம்.
வெளியே வந்த பிறகுதான் கவனித்தேன்.

அக்டோபரில் தண்ணீருக்கு நஞ்சேறியது.
கலீசியாவின் இந்தக் கரை முழுக்கச்
சிப்பி எடுக்கக் கூடாதென்று அறிவிப்பு.
ஆறு வாரம்.
மிதவைகள் மாடில்லாத தொழுவங்கள் மாதிரி நின்றன.
வேலை போனது கத்திக்குத் தெரியாது.
கஷ்கொட்டையின் தோலைக் கீறியது,
மின்கட்டண உறையைக் கிழித்தது,
பக்கத்து வீட்டு ஒப்துலியாவின்
கதவிடுக்கில் மாட்டிய பூனைப் பட்டையை அறுத்தது,
பூனைக்கு ஒரு மயிர் கூடக் குறையாமல்.
மத்தி டப்பாவில் மிஞ்சிய எண்ணெயைத்
தொட்டுத் தொட்டு அதன் மூட்டில் விட்டேன்.
என் மூட்டுக்கு நான் இத்தனை செய்ததில்லை.

நேற்று மதுக்கடையில் சூசோ
அதை உள்ளங்கையில் போட்டுப் பார்த்தான்.
இடது கையில் எடை பார்த்தான், பிறகு வலது கையில்.
"முப்பது தருகிறேன்."
அவன் வாய் மூடுமுன் இல்லை என்றேன்.
ஐம்பது என்றான், சிரித்துக்கொண்டே.
நான் சிரிக்கவில்லை என்பது
இருவருக்குமே சங்கடமாகிவிட்டது.
சாசேஜை நானே நறுக்கி
அவன் தட்டில் வைத்தேன், கொஞ்சம் அதிகமாக.

கத்திக்கு மடிவது சாவு இல்லை.
வாயைத் தன் பிடிக்குள்ளேயே வைத்துக்கொண்டு
தொடையோரம் சூடாகக் கிடக்கிறது.
எழுத்துப் பொறிக்கச் சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன்.
வேண்டாம். என் பெயர் போட்டால்
காணாமல் போகும் என்று நான் நம்புவதாகிவிடும்.

திங்கட்கிழமை இரண்டு பகுதிகளைத் திறப்பார்களாம்.
தென்மேற்குக் காற்று, அலை ஒன்றரை மீட்டர்.
ஆரஞ்சு வாங்க வேண்டும்.