மூன்று பெயர்ச் சதுப்பு

தார்த்து. பிப்ரவரி.
காலணிப் பனியைத் தட்டாமலே
உள்ளே வந்துவிட்டான் ரெய்மோ.
தேடியாயிற்றாம். எதுவுமே இல்லையாம்.
"இந்தச் சதுப்பை ஒருத்தரும் அளந்ததில்லை" என்றான்,
காலி மனையைக் கண்டவன் குரலில்.

என் பொறுப்பில் தாவரவியல், மண்,
யாரும் கேட்டு வாங்காத காளான்கள்.
சதுப்புக்கு இன்றைக்கு ஒரு பெயர்,
பண்ணையார்கள் ஜெர்மன் பேசிய காலத்தில் வேறொன்று,
ரயில் வந்தபோது ரஷ்ய மொழியில் இன்னொன்று.
தேடல் பெட்டியில் அவன் இட்டது
முதலாவதை மட்டும்.

அவன் போனபின் மற்ற இரண்டையும் இட்டேன்.
1887. ஒரு மருந்துக்கடைக்காரர்
கம்பு குத்தி ஆழம் பார்த்திருக்கிறார்,
ரெய்மோவின் ஒன்பது இடங்களில்
ஏழில்.

மின்னஞ்சலை எழுதி, அனுப்பாமல்
இரண்டு நாள் வைத்திருந்தேன்.
"பையனுக்கு மூன்று வருட உழைப்பு" என்றார்
பேராசிரியர் லெம்பித், லிஃப்டில், பெருமையாக.
நான் மாடி எண்கள் மாறுவதைப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் அனுப்பினேன்.
பதில் இல்லை.

வெள்ளி மாலை, பாதி விளக்கை அணைத்தாயிற்று,
அதே ஈரக் காலணி.
"ஆழத்தை அடிக்கணக்கில் எழுதியிருக்கிறாரே,
எந்த ஊர் அடி?"

பழைய அளவைகள்: இரண்டாம் தளம்,
இடது கடைசி அலமாரி.
விளக்கை மறுபடி போட்டேன்.